மரம் மறைத்த கோல்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அது நம்முடையது. நாள் முழுக்க அதைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். ஆனால் அதை முழுசாகப் பார்த்தவர்கள் எல்லாம் எதிராளிகள். அது என்ன?

முதுகு என்று சொன்னவர்கள் கையை இறக்குங்கள். முதுகைப் பற்றி யாரும் நாள் முழுக்கப் பெருமை பேசுவதில்லை.

தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆனைக்குழி எஸ்டேட்டில் எழுநூறு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. பதினொரு வயது செண்பகத்துக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரை தெரியாது.

ஆனைக்குழியும் தேன்மூலையும் எதிரெதிர் மலைகளில் இருக்கும் தேயிலைத் தோட்டங்கள். நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஓடை, ஓடையின் மேல் ஒரு நடைபாலம், பாலத்தருகே இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கூடம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சரிவை வெட்டிச் சமமாக்கிய கால்பந்து மைதானம் ஒன்று உண்டு. இங்கே நின்றால் அது தெரியும், அங்கே நின்றால் இது தெரியும்.

ஆனால் ஒரு மைதானத்து ரசிகர்கள் மற்ற மைதானத்தில் கால் வைக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு சண்டை. எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆட்டக்காரர்கள் மட்டும் பாலத்தைத் தாண்டிப் போய் ஆடிவிட்டு வருவார்கள். ரசிகர்கள் தங்கள் சரிவிலேயே உட்கார்ந்து, பள்ளத்துக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கத்துவார்கள்.

மிச்ச நேரத்தில் எல்லாம் பாலத்தில் நின்று வாய்ச்சண்டை.

"உங்க கிரவுண்டுல கார்னர் அடிச்சா பந்து அடுத்த மாநிலத்துக்குப் போயிடும்ல" என்பார்கள் தேன்மூலைக்காரர்கள்.

"உங்க கிரவுண்டுல ரெண்டு கோல் இருக்கா, ஒண்ணுதானா? எங்க கண்ணுக்கு ஒண்ணுதான் தெரியுது" என்பார் ஆனைக்குழியின் காளிராஜ். லாரி ஓட்டுகிறவர். ரசிகர்களுக்கு அவர்தான் தலைவர், டிரம்மும் அவருடையதுதான்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தேன்மூலை மைதானத்தின் கிழக்குக் கோலை நாலு சில்வர் ஓக் மரங்கள் மறைத்துவிடும். ஆனைக்குழியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெறும் இலைதான்.

தோட்டங்களுக்கிடையே நடக்கும் கோப்பையின் கடைசி ஆட்டம் இந்த இரண்டில் ஒரு மைதானத்தில்தான் நடக்கும். எதில் என்று சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளை ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஒரு வருஷம் இந்தத் தோட்டத்துப் பிள்ளை, அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. 'எது நல்ல மைதானமோ அதன் பெயரைச் சொல்' என்று திங்கட்கிழமை பிரேயரில் கேட்பார்கள். பிள்ளை தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

இந்த வருஷம் சீட்டில் செண்பகத்தின் பெயர் வந்தது.

செண்பகம் கேள்வித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைத் திறக்கிற பெண். நோட்டில் 'ஆனைக்குழி மைதானம் ஏன் நல்லது' என்று தலைப்புப் போட்டுப் பதினொரு காரணங்கள் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் சலோமி டீச்சரிடம் போனாள். சலோமி டீச்சர் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. வெளியூர்க்காரர். பாதி ஆட்டங்களுக்கு அவர்தான் நடுவர். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் இல்லை.

"எது நல்ல கிரவுண்டு டீச்சர்? உங்களுக்குத்தான் ரெண்டும் தெரியும். இதெல்லாம் சரியான்னு பாருங்க."

டீச்சர் நோட்டை வாங்கிப் படித்தார். பதினொன்றாவது காரணத்தில் நின்றார். 'தேன்மூலையில் இரண்டாவது கோல் மூங்கில் கட்டிய மாட்டுக்கொட்டகை. வலை கிடையாது.'

"இது யார் சொன்னது?"

"அப்பா."

செண்பகத்தின் அப்பா தங்கப்பாண்டிதான் ஆனைக்குழியின் கோல்கீப்பர். போன வருஷம் தேன்மூலையில் மூன்று கோல் விட்டுவிட்டு வந்து, மரத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருக்கும் கதையை அவர்தான் சொன்னார். கூட ஆடியவர்களும் மறுக்கவில்லை. ஆனைக்குழி முழுக்க அதை நம்பியது.

"பதினொண்ணுல நீ பார்த்தது எத்தனை?"

செண்பகம் விரலை மடக்கினாள். ஆறு வந்தது. ஆறும் தன் மைதானத்தைப் பற்றியவை.

டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "செருப்பு மாட்டிக்க. பாலத்தைத் தாண்டிப் போயிட்டு வரலாம்."

"இன்னைக்கா? இன்னைக்கு எங்க செமிஃபைனல் டீச்சர். மூங்கிலார் எஸ்டேட் டீமோட. நாலு மணிக்கு."

"அதான் இன்னைக்கு."

செண்பகம் பாதி வழி அழாத குறையாக நடந்தாள். பாலத்தைத் தாண்டும்போது மேலே விசில் கேட்டது. பிறகு காளிராஜ் மாமாவின் டிரம். பிறகு ஒரு பெரிய 'ச்ச்ச'.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"தெரியலையே. நட."

தேன்மூலை மைதானத்துக்கு மூச்சு வாங்க ஏறி வந்தபோது விளிம்பில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்துப் பை தோளிலிருந்து இறங்காத பெண்கள், மடியில் பிள்ளைகள், நடுவில் டீ கேத்தல். எல்லோரும் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரகதம் என்ற அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எந்தத் தோட்டத்து லயன் வீடு பாப்பா உனக்கு?"

"ஆனைக்குழி" என்றாள் செண்பகம், சின்னக் குரலில்.

"அடியாத்தி. எதிரி வந்திருக்காடி" என்றார் மரகதம். ஒரு டம்ளர் டீ கைக்கு வந்தது.

செண்பகம் எதிரே பார்த்தாள்.

அவள் பிறந்ததிலிருந்து உட்கார்ந்த சரிவு அது. அப்படி அதைப் பார்த்ததே இல்லை. பச்சை மலையின் நடுவே, தட்டு ஒன்றை யாரோ ஏந்தி நிற்பதுபோல் மைதானம். அதற்கு மேலே படிப்படியாக ஆட்கள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் குடைகள். பந்து கோலை நோக்கிப் போனதும் கீழ்ப்படி எழுந்தது, அடுத்த படி எழுந்தது, கடைசிப் படி வரை எழுந்தது. சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் பள்ளத்தைத் தாண்டி அந்தச் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது.

அவள் கையிலிருந்த டீ தளும்பிவிட்டது.

"மலையே எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் மரகதம். "இதுக்குன்னே வந்து உக்காருவோம். உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாத. படியெல்லாம் சிமென்ட்டாமே?"

வெறும் மண்படிதான். செண்பகம் மறுக்கவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எள்ளு மாதிரி தெரிந்த அப்பா கோலுக்கு நடுவே போய் நின்றார். செண்பகம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். மரகதமும் பிடித்துக்கொண்டார்.

நாலுக்கு நாலு. கடைசி உதை. எள்ளு வலப்பக்கம் பாய்ந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மலை எழுந்தது. ஒன்று, இரண்டு. சத்தம் வந்தபோது செண்பகம் ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தாள். தேன்மூலைப் பெண்களில் நாலைந்து பேரும் குதித்துவிட்டார்கள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"நீங்க எதுக்குக் குதிச்சீங்க அக்கா?"

"உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு" என்றார் மரகதம்.

செண்பகத்துக்கு மூச்சு இரைத்தது. டீச்சரிடம் ஓடினாள். "பார்த்தீங்களா டீச்சர்? எங்க கிரவுண்டைப் பார்த்தீங்களா? இதைவிட நல்ல கிரவுண்டு எங்கேயாவது இருக்குமா?"

"இங்க வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"இந்த கிரவுண்டு எப்படி இருக்கு?"

செண்பகம் அப்போதுதான் திரும்பினாள்.

புல் அங்கங்கே வழுக்கையாக இருந்தது. மைதானம் மேற்கே கொஞ்சம் சரிந்திருந்தது. அது நோட்டில் இருந்தது, சரியாகவே இருந்தது. அவள் நேராக நாலு சில்வர் ஓக் மரங்களை நோக்கி நடந்தாள்.

மரங்களுக்குப் பின்னால் இரும்புக் கோல் நின்றது. வெள்ளைப் பெயின்ட். பின்னால் வலை; கிழிந்த இடங்களில் நீல நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கோலுக்கு முன்னால் தரை மற்ற இடம்போல் இல்லை. குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். ஓடை மணல். முழங்கை ஆழத்துக்கு.

பின்னாலேயே வந்த மரகதத்திடம் கேட்டாள். "இது எதுக்கு அக்கா?"

"கீப்பர் விழுவாருல்ல. அடியில பாறை. வருஷா வருஷம் கொழுந்துக் கூடையில சுமந்து வந்து போடுவோம்."

"உங்க கீப்பருக்கா?"

"பாதி நேரத்துல பக்கம் மாத்துவாங்களே பாப்பா. யாரு விழுவாங்கன்னு பார்த்தா மணல் சுமக்க முடியும்? போன வருஷம் உங்க கீப்பர்தான் இதுல விழுந்து விழுந்து எந்திரிச்சாரு. மூணு போச்சு, சரிதான். நாலு பிடிச்சாரே. ஒண்ணு அந்த மூலையில, விரல் நுனியால. எங்க ஆளுங்களே கைதட்டிட்டாங்க. நீ அவருக்குச் சொந்தமா?"

செண்பகம் தலையாட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று மரகதத்துக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குழியில் ஒரே கொண்டாட்டம். தேன்மூலை ஏற்கெனவே பைனலுக்கு வந்திருந்தது. காளிராஜ் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"நாளைக்குப் பேரை நல்லா சத்தமா சொல்லணும் தாயி. நீ 'ஆனை'ன்னு ஆரம்பிக்கும்போதே டிரம் விழும்."

அவர் போன பிறகு செண்பகம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கப்பாண்டி முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தேன்மூலையில மரத்துக்குப் பின்னாடி இருக்கிற கோல் எப்படி இருக்கும்?"

தேய்த்த கை நின்றது. "நீ போனியா?"

"போனேன்."

அப்பா தைல பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார். "மணல் போட்டிருப்பாங்க. விழுந்தா வலிக்காது."

திங்கட்கிழமை பள்ளி வேலியின் ஒரு பக்கம் ஆனைக்குழி ஆட்கள், இன்னொரு பக்கம் தேன்மூலை ஆட்கள். காளிராஜ் டிரம்மைக் கழுத்தில் மாட்டி, குச்சியை உயர்த்தித் தயாராக வைத்திருந்தார். தங்கப்பாண்டி கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

பிரேயர் மணி அடிக்கும் முன் செண்பகம் சலோமி டீச்சரிடம் போனாள். நோட்டு கையில் இல்லை.

"தேன்மூலைன்னு சொன்னா எங்க ஆளுங்க திட்டுவாங்களா டீச்சர்?"

"திட்டுவாங்க."

"மேட்ச்சை எப்பவும் மாதிரி எங்க மலையிலிருந்தே பார்ப்பாங்களா?"

"பைனல் ஆச்சே. அப்பா மரத்துப் பக்கம் போற வரைக்கும் அங்க உக்காந்திருப்பாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது, இருப்புக் கொள்ளாது. இறங்கி வந்துடுவாங்க."

"வந்தா அந்தக் கோலைப் பார்த்துடுவாங்க. அப்பா சொன்னது பொய்னு தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுடும்."

டீச்சர் குனிந்து செண்பகத்தின் காலர் மடிப்பைச் சரிசெய்தார்.

"உங்க அப்பா அந்தக் கோல்ல பாய்ஞ்சு பந்து பிடிச்சதை உங்க ஆளுங்க ஒருத்தராவது பார்த்திருக்காங்களா?"

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியர் செண்பகத்தை முன்னால் வரச் சொல்லி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

செண்பகம் தேன்மூலை என்றாள்.