அரசர் தேர் முதலில்

முன்னொரு காலத்தில், வண்டிகள் வரிசையாக நின்று சுங்கம் கட்டுவதைப் பார்க்கச் சகிக்காத அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். அன்று அவர் சபையில் இருந்தவர்கள்: அரசர், அரசி, அமைச்சர் வில்லவராயர், மலைக்கோபுரத்துக் காவலன் சடையன், கடைசியில் தூணோரமாக விகடன் கோனேரி.

சுங்கச் சாவடிகளை இடித்தாகிவிட்டது. இனி அடையாளத்துக்கு வண்டிக்கு ஒரு கொடி. எது எங்கே போகிறது என்று கோபுர உச்சியிலிருந்து சடையன் பார்ப்பான். ஓடிய தூரத்துக்குச் சுங்கம். கண்டதை அரசர் முன்னால் தவிர வேறெங்கும் அவன் சொல்லக் கூடாது.

"பிரபு, கோனேரியின் வண்டி மாலையில் எங்கே போகிறது என்று கேளுங்கள். பகைநாட்டு ஒற்றனுக்குச் சோறு போகிறதாம்," என்றார் வில்லவராயர்.

சோறு போனது உண்மைதான். ஒற்றனுக்கு அல்ல. வில்லவராயர் வீட்டில் கரண்டியால் சூடு வாங்கி ஓடிவந்த சமையல்காரி செங்கமலம், செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு குடிசையில் ஒளிந்திருந்தாள். இடம் தெரிந்தால் அன்றைக்கே இழுத்துப் போய்விடுவார்கள். அமைச்சர் பேச்சுக்கு எதிராக ஒரு சமையல்காரி பேச்சை அந்தச் சபை கேட்டதே இல்லை.

"சடையா, சொல்," என்றார் அரசர்.

"தாராளமாகச் சொல்லட்டும், பிரபு," என்றான் கோனேரி. "ஆனால் தாங்கள் எடுக்காமல் இங்கே வெற்றிலையைக்கூட யாரும் தொடுவதில்லை. தங்கள் தேர் இருக்க, என் ஓட்டை வண்டியை முதலில் சொன்னால் நன்றாகவா இருக்கும்?"

சபை முறை என்றால் அரசருக்கு உயிர். "சரிதான். முதலில் நம் தேர்."

சடையன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "ஏகாதசியன்று தேர் கோயில் தெருவில் நுழைந்தது. நிற்கவில்லை. வடக்கு வாசல் தாண்டி, பணியாரக் கடையின் பின்பக்கம்..."

"ஏகாதசியன்றா?" அரசி திரும்பினார். "உபவாசத்தில் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டீர்களே!"

"போதும் சடையா!" என்றார் அரசர்.

"அடுத்து, முறைப்படி அமைச்சர் வண்டி," என்றான் கோனேரி.

வில்லவராயர் எழுந்தேவிட்டார். "வேண்டாம், பிரபு! யார் வண்டி எங்கே போனால் நமக்கென்ன?"

"சுங்கத்துக்குத் தூரம் போதும், பிரபு," என்றான் கோனேரி. "வண்டியடியில் பூட்டிய குடம். சாவி தங்களிடம். சக்கரம் நூறு சுற்று சுற்றினால் ஒரு கூழாங்கல் உள்ளே விழட்டும். எவ்வளவு ஓடினோம் என்று கல் சொல்லும். எங்கே போனோம் என்று சொல்லாது."

"நல்ல குடம்," என்றார் அரசி. "பணியாரத்தைக் காட்டிக்கொடுக்காது."

அடக்க முடியாமல் அவரே சிரித்துவிட்டார். அரசர் மூச்சு விட்டார். பிறகு கிரீடம் சரியும்வரை சிரித்தார். "சடையா, கீழே வந்துவிடு, கோபுரம் வேண்டாம். கோனேரி, என்ன வேண்டும், கேள்!"

"ஒரு நல்ல பூட்டு."

கஜானாப் பூட்டே கிடைத்தது.

அன்று மாலை கொடி இல்லாத வண்டி சூளைக்குப் பின்னால் நின்றது. சோற்றுப் பானையையும் பூட்டையும் சாவியையும் கோனேரி செங்கமலத்திடம் கொடுத்தான்.

"வண்டி எங்க போவுதுன்னு ராசா கேக்கலியா?"

"கேட்டாரு. அவரு தேரு போன இடம் வெளிய வந்துச்சு, வாய மூடிக்கிட்டாரு."

பல நாள் கழித்துச் சிரித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கஜானாப் பூட்டு உள்பக்கம் விழும் சத்தம் கேட்டபிறகே கோனேரி வண்டியைத் திருப்பினான்.