முதல் சுவிட்ச் முதலாளிக்கே

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், பீளமேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டிய செங்கமலத்தம்மாள்.

அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் பூங்கோதை பயிற்சித் தொழிலாளி. நிமிடத்துக்கு நாற்பதாயிரம் முறை சுற்றவேண்டிய சாணைக்கு, அவ்வேகத்துக்கென்றே செய்த சிறு மோட்டாரைத் தேர்ந்து, தன் கைப்பணத்தில் முன்பணமும் கட்டிவிட்டாள். முதலாளி தண்டபாணி சீறினார்.

"சுண்டைக்காயாட்டம் இதெல்லாம் ஒரு மோட்டாரா? என் தோட்டத்துக் கெணத்து மோட்டார் பத்துக் குதிரைச் சக்தி! மூவாயிரம் சுத்தறது, வேகத்தைக் கூட்டுனா நாப்பதாயிரம் சுத்தாதா? நாளைக்கு அதையே நாப்பதாயிரத்துல ஓட்டிக் காட்டு. இல்லீன்னா வேலையுமில்லை, நீ கட்டுன முன்பணமுமில்லை."

"ஓட்டிடலாமுங்க முதலாளி," என்றாள் பூங்கோதை.

மறுநாள் கிணற்று மோட்டார் சந்தனமும் மாலையுமாக வீற்றிருந்தது. அருகில் ஒரே ஒரு நாற்காலி. மற்றத் தொழிலாளர் அனைவரும் கருங்கல் சுவருக்குப் பின்னால் நின்றனர்.

"முதல் சுவிட்ச் முதலாளிதானுங்களே போடோணும். உக்காருங்க," என்றாள் பூங்கோதை.

சுவிட்சை நோக்கி நீண்ட விரல் பாதியில் நின்றது. "அவங்கெல்லாம் ஏன் அம்மிணி அங்க நிக்கறாங்க?"

"மூவாயிரத்துக்குச் செஞ்ச மோட்டாருக்குள்ள சுத்தற உருளை நாப்பதாயிரத்துல சிதறிப் பறக்கும்னு பயப்படறாங்க. உங்களுக்குத்தான் பயமில்லீங்களே, போடுங்க!"

தண்டபாணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு அஷ்டமி."

"அது நேத்தே முடிஞ்சுதுங்க!" என்றது சுவருக்குப் பின்னிருந்து ஒரு குரல்.

அவர் எழுந்தார். மாலையைத் தாமே கழற்றினார். "அந்தச் சுண்டைக்காயையே கொண்டாந்து மாட்டு," என்று முனகி, பூங்கோதை நீட்டிய கையில் அவளது முன்பணத்தை எண்ணி வைத்தார்: இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.