தளவாய் மீசையில் ஒத்திய துணி

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் கொஞ்சம் கரியைப் பார்ப்போம்.

கரிமருந்துத் துப்பாக்கியைச் சுடச் சுடக் குழலுக்குள் கரி அப்பும். குண்டைச் சுற்றும் துணியில் கொழுப்போ மெழுகோ தடவாவிட்டால் குண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அரண்மனையில் துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடுவது மாசானத்தின் வேலை. அதைப் பிடுங்கித் தன் மச்சானுக்குக் கொடுக்கப் படைத்தலைவரான தளவாய்க்கு ஆசை.

திருவிழாவன்று ஜமீன்தார் முன்னால் தளவாய் தொண்டையைச் செருமினார். "ஏலே மாசானம்! இன்னைக்கு ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது. குழலைத் துடைக்கவும் கூடாது. அந்தா வரிசையா வச்சிருக்க அஞ்சு பானையும் உடையணும். குண்டு சிக்குச்சோ, வேலை என் மச்சானுக்கு!"

"உத்தரவு எசமான். ஒங்க மீசையில வீரம் சொட்டுது. ஒவ்வொரு துணியையும் அதுல ஒத்தி எடுத்துக்கிடட்டுமா?"

"ஒத்திக்கோலே, நல்லா ஒத்திக்கோ!" தளவாய் முகத்தை நீட்டினார்.

மீசை, துணி, டுமீல்! மீசை, துணி, டுமீல்! ஐந்து பானையும் தூள்.

"குண்டு வெண்ணெயில வழுக்கின மாதிரில்லா போச்சு!" என்று ஜமீன்தார் கைதட்டினார்.

தளவாய் மீசையை முறுக்கப் போனார். காலையில் தேன்மெழுகும் நெய்யும் பூசிக் கொம்பாக நிறுத்திய மீசை, வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது.

"அடப்பாவி... என் மெழுகு!"