ஆசீர் எடுத்த சீட்டு

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். தட்டில் சுருட்டி வைத்த சீட்டுகள், ஆளுக்கு ஒன்று. அதில் எந்த வசனம் வருகிறதோ, அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்குச் சொல்வது அதுதான். எல்லாம் ஆசீர்வாத வசனமாகப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

லாரி டிரைவர் ஆசீருக்கு வந்ததோ, சேவல் கூவுமுன் மூன்று தரம் என்னைத் தெரியாதென்று மறுதலிப்பாய் என இயேசு தம் சீஷன் பேதுருவிடம் சொன்னது. இப்படி ஒரு வசனத்தை யாராவது தட்டில் போடுவார்களா? எங்கள் கெர்சோம் போதகர் போடுவார்.

ஆசீருக்கு ஐம்பத்தாறு வயது. தன்னைவிட இருபது வயது இளைய போதகரிடம் மூன்று வருஷமாக வேதம் படிக்கிறார். அன்று மத்தியானமே சீட்டோடு போய் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"வேற சீட்டு கொடுங்க ஐயா."

"வருஷத்துக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்க்கும் கல்குவாரி முதலாளியின் மகன் லாரியை ஏற்றி ஒருவரைக் கொன்றுவிட்டான். பழியை ஆசீரின் லாரிக் கிளீனர் மாசானத்தின் தலையில் கட்டி, அவனை உள்ளே தள்ளிவிட்டார்கள். பார்த்த ஒரே ஆள் ஆசீர். பத்தாம் தேதி கோர்ட்டில் மாசானத்துக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளைகுட்டிக்காரர், யோசித்துப் பேசட்டும் என்று முதலாளி வீட்டு ஆள் வந்து ஆசீரின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"முன்னாலேயே சொல்லிட்டா பேதுரு என்ன செய்வான் ஐயா? சொன்னது நடந்துதான ஆகணும்? அப்ப நானும் கூண்டுல ஏறி மாத்தித்தான் பேசப்போறேன்."

"மலைப்பாதையில அபாய வளைவுன்னு போர்டு வச்சிருக்கானே. போர்டாலயா வண்டி கவிழுது?"

"போர்டைப் பார்த்துட்டே கவிழ்ந்தவனும் உண்டு."

"உண்டு," என்றார் போதகர்.

ஆறுதல் சொல்வார் என்றல்லவா ஆசீர் வந்திருந்தார்.

"அதுக்கு ரெண்டு வசனம் முன்னால வாசிங்க."

ஆசீர் வாசித்தார். நான் உயிரோடு எழுந்த பிறகு உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போவேன் என்று மறுதலிக்கப்போகிற பேதுரு உட்பட எல்லாச் சீஷர்களிடமும் இயேசு சொல்லியிருந்தார்.

"இது எனக்கு எதுக்கு? நான் பத்தாம் தேதியைத் தாண்டணும்."

போதகர் அந்தச் சீட்டையே அந்தப் பக்கத்தில் அடையாளமாக வைத்து வேதத்தை மூடிக் கொடுத்தார்.

பத்தாம் தேதி வந்தது. கோர்ட்டில் பின் பெஞ்சில் முதலாளியின் ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்றைக்கு லாரியை ஓட்டியது யார்?" என்று மாசானத்தின் வக்கீல் கேட்டார்.

"தெரியாது."

"நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்?"

"இல்லை."

"மாசானத்தையாவது தெரியுமா?"

ஏழு வருஷம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். "பழக்கம் இல்லை," என்றார் ஆசீர்.

மாசானம் திட்டவில்லை. சும்மா பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு ஆசீர் என்னிடம் சொன்னார்.

வாசலில் போதகர் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அந்தப் பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எழுதினபடியே நடந்துட்டு ஐயா. இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க."

"இருபத்திநாலாம் தேதி மறுபடி வரணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"உங்களைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி மாசானத்தோட வக்கீல் மனு கொடுத்து நாளும் வாங்கிட்டார். மனுவை நேத்தே எழுதி வைக்கச் சொல்லிட்டேன்."

"நேத்தா? நேத்து நான் ஒண்ணும் சொல்லலையே."

"இன்னைக்கு என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கோட நீங்க முடிஞ்சு போற ஆள் இல்லேன்னும் தெரியும்."

ஆசீர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பின் பெஞ்சு ஆட்கள் நாலு பேரும் படியிறங்கி வந்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னைக்கும் எனக்குப் பயம் வந்தா?"

"வரும்," என்றார் போதகர். "பயந்துக்கிட்டே வாங்க."