சொட்டு நின்ற ஹீட்டர்

உமையாள் அம்மையிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நிம்மதி கேட்டுத்தான் வருவார்கள். கிடைத்ததா இல்லையா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. கோத்தகிரி மேட்டுத் தெருவில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. அதைத்தான் ஆசிரமம் என்றார்கள்.

அம்மைக்கு வயது நாற்பத்து நான்கு. சீடர் தாண்டவராயனுக்கு அறுபத்தாறு. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை அளந்து பார்ப்பார். ஒருவர் சொல்வதை ஒரு முறைகூட முழுசாகக் கேட்கமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“அம்மா, எனக்கு ஒரு மந்திரம் வேணும்.”

“எதுக்கு?”

“பயம் போக.”

“என்ன பயம்?”

“சொன்னா சிரிப்பீங்க. ஹீட்டர் பயம்.”

அம்மை சிரிக்கவில்லை. பூ தொடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், “சொல்லுங்க” என்றார்.

தாண்டவராயனின் மகள் மங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. மலைக்குளிரில் பிள்ளை பெற்ற உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. அதனால் திங்கட்கிழமையே மெக்கானிக் பெள்ளியை வரவழைத்து, குளியலறையில் இருந்த பழைய ஹீட்டரைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்து, பழையபடி மாட்ட வைத்திருந்தார்.

“பக்கத்துல நின்னு பாத்துதான் வேலை வாங்கினேன்மா. ரெண்டு நாள்தான் ஒழுங்கா ஓடுச்சு. புதன்கிழமை அடியில இருக்கற குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா வென்னீர் விழ ஆரம்பிச்சிடுச்சு.”

“பெள்ளியைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிடாம? போன்ல என்ன சொல்றான் தெரியுமா? ‘சொட்டுனா சொட்டட்டும் சார்’ங்கறான். வேலை பாத்தவன் பேசற பேச்சா இது? எனக்கு வந்த கோபத்துல போனை வெச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“வீட்டுல என் சம்சாரம் வடிவு விடமாட்டேங்கறா. தண்ணி சொட்டற வீட்டுல லட்சுமி தங்கமாட்டா, அதுவும் பச்சைப் புள்ளை இருக்கற வீடுங்கறா. சரின்னு நானே ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அந்தக் குழாய் வாயில அடிச்சு ஏத்திட்டேன். மேல பிசின் வெச்சுப் பூசிட்டேன். சொட்டு நின்னுடுச்சு.”

இந்த இடத்தில் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

“சொட்டு நின்னுடுச்சுன்னா, பயம் எதுக்கு?”

“அதான் எனக்கும் புரியல. நேத்து அரைமணி நேரம் போட்டதுக்கே உள்ள என்னமோ டொக்கு டொக்குன்னு தட்டுது. மங்கை குழாயைத் திறந்தா தண்ணி இருமிட்டு வருது. நேத்து ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டேங்குது. நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துட்டேன். இத்தனை வருஷம் உங்ககிட்ட வந்தும், ஒரு ஹீட்டருக்குப் பயப்படறேனேன்னு வெக்கமா இருக்கு.”

“தண்ணி சூடாகறதுல குறை ஒண்ணும் இல்லையே?”

“அது ஒண்ணுதான் நல்லா இருக்கு. கொதிக்கக் கொதிக்க வருது. முன்னெல்லாம் சூடானதும் சிவப்பு விளக்கு தானா அணையும். இப்ப அணையறதே இல்லை.”

அம்மையின் கை நின்றது.

“இப்ப ஹீட்டர் ஓடுதா?”

“ஓடுது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தலைக்கு ஊத்தற நாள். வென்னீர் நிறைய வேணும்னு எட்டரைக்கே போட்டுட்டுக் கிளம்பினேன். மங்கை பத்து மணிக்குக் குளிப்பா.”

“தாண்டவராயன், குக்கர்ல விசில் வர்ற ஓட்டையை அடைச்சுட்டு அடுப்புல வெப்பீங்களா?”

அவருக்கு விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

“வீட்டுக்குப் போன் போடுங்க.”

மங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னதே அவர்தான். வடிவாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள், போனை வீட்டில் வைத்துவிட்டு. பக்கத்து வீட்டு எண் அவரிடம் இல்லை. மணி ஒன்பது நாற்பத்தேழு.

தலை நிமிர்ந்து பார்த்தால் அம்மை அங்கே இல்லை. தொடுத்த பூ தரையில் கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

மேட்டுத் தெருவில் இருந்து கீழே அவர் வீட்டுக்கு நூற்றுப் பதினெட்டுப் படி. அளந்தவர் அவரேதான். அம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு அந்தப் படிகளில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் அவர் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்ததில்லை. கேரட் மூட்டை சுமந்து வந்த ஒருவர் வழிவிட்டு நின்று வாயைப் பிளந்தார்.

தாண்டவராயன் பின்னால் ஓடினார். முட்டி வலித்தது, மூச்சு வாங்கியது. மங்கை சீக்கிரமே குளிக்கப் போயிருந்தால் என்ற ஒரு நினைப்புதான் அவருக்குள் இருந்தது. ஒரு படியில் சறுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார்.

கதவை அம்மை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. தலையெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக மங்கை நின்றாள்.

“அம்மா, நீங்களா? நான் குளிக்கப் போயிட்டிருந்தேன்…”

“குழந்தை எங்க?”

“தொட்டில்ல.”

“தூக்கிட்டு வெளிய வா. எதுவும் கேக்காத.”

குளியலறையில் இருந்து டொக்கு டொக்கு என்ற சத்தம் கூடம்வரை கேட்டது. நடுவில் ஒரு உறுமல் வேறு. தாண்டவராயன் உள்ளே நுழைந்து வாசல்பக்கச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். அப்புறம் அவரும் வெளியே வந்துவிட்டார்.

எல்லோரும் எதிர் வீட்டு வாசலில் நின்றார்கள். குழந்தை அழுதது. குளிர் காற்று அடித்ததால் எதிர் வீட்டுக்காரம்மா ஒரு கம்பளி கொண்டுவந்து கொடுத்தார். தாண்டவராயன் போன் போட்ட அரைமணி நேரத்தில் பெள்ளி வண்டியில் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் யாரையும் உள்ளே விடவில்லை. ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு அவன் மட்டும் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

“சார், இங்க வந்து பாருங்க.”

தாண்டவராயனும் மங்கையும் உள்ளே போனார்கள். ஹீட்டரின் அடித்தகடு பொங்கின பூரி மாதிரி வெளியே தள்ளியிருந்தது. மரக்கட்டை பிடுங்கிய குழாயில் இருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

பெள்ளி மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு மெல்லிய செம்புக் கம்பி ஒயர்களுக்கு நடுவே தொங்கியது. அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“தப்பு என்னோடதுதான் சார். சூட்டைப் பாக்கற கம்பி இது. உப்பு எடுத்துட்டு மாட்டும்போது ஓட்டைக்குள்ள சொருக மறந்துட்டேன். தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் இதுக்குத் தெரியாது, கரண்ட் நிக்காது. அளவுக்கு மேல போற அழுத்தம் அந்தக் குழாய் வழியாத்தான் சொட்டா வெளிய வந்திருக்கு.”

தாண்டவராயன் வாயைத் திறந்தார். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது.

அதற்குள் பெள்ளி சொன்னான்: “ஆனா போன்ல சொன்னேனே சார். சொட்டுனா சொட்டட்டும், நான் வெள்ளிக்கிழமை வந்து பாக்கற வரைக்கும் சுவிட்சைப் போடாதீங்கன்னு.”

“அதைச் சொல்லலியே நீ.”

“சொன்னேன் சார். நீங்க ‘ம்’ கூடப் போடலை. லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கலை.”

தாண்டவராயன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. மகளுக்கு முன்னால் அழுவது அவருக்குப் பழக்கமில்லை. இருந்தும் அழுதார்.

மங்கை குனிந்து அவர் தோளைப் பிடித்தாள். “எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா.”

“நானே என் கையால அடைச்சேன்டி.”

அடுப்பங்கரையில் அம்மை ஒரு தவலை நிறைய தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். கோயிலில் இருந்து திரும்பிய வடிவாம்பாள், நடந்ததை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். மங்கைக்கும் குழந்தைக்கும் தலைக்கு ஊற்றி முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. பழைய ஹீட்டரைப் பெள்ளி கழற்றி எடுத்துக்கொண்டு போனான். இனி அது எதற்கும் ஆகாது என்றான்.

அம்மை கிளம்பினார். தாண்டவராயன் படிவரைக்கும் கூடவே வந்தார். எதையோ கேட்க நினைத்து, வேண்டாமென்று விட்டு, மறுபடி நினைத்தார்.

“அம்மா, இன்னிக்கு நீங்க ஓடறதைப் பாத்தேன்.”

“ம்.”

“உங்களுக்கும் பயமா இருந்துச்சா?”

“ரொம்ப.”

அவருக்கு அது புதிதாக இருந்தது. அம்மையின் கால் பெருவிரலில் ரத்தம் காய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

“காலையில நான் ஒண்ணு கேட்டு வந்தேன்மா. நீங்க அதுக்குப் பதிலே சொல்லலை.”

“என்ன கேட்டீங்க?”

“பயம் போகறதுக்கு மந்திரம்.”

அம்மை இரண்டு படி ஏறியிருந்தார். நின்று திரும்பினார்.

“நேத்து ராத்திரி நீங்க நிம்மதியாத் தூங்கியிருந்தா, இன்னிக்குக் காலையில இந்தப் படி ஏறி வந்திருப்பீங்களா?”