ஸ்டுடியோக்காரர் தொடாத கேமரா

"கண்ணுக்குத் தெரியாதது எங்கேயும் இருக்குன்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமே அகப்படலைம்மா. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

சொன்னவர் குஞ்சிதபாதம். கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். மனைவி இறந்துபோன துக்கம் தாளாமல் கடையைப் பூட்டிவிட்டு இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்திருந்தார். போனவள் எங்கேயாவது இருக்கிறாள் என்று ஒரு சின்ன அத்தாட்சி கிடைத்தால் போதும் அவருக்கு. கிடைக்கவில்லை. பை தோளில் ஏறிவிட்டது.

வடிவாம்பாள் அம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் இங்கே அவர்தான் குரு. முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களே, ஸ்டுடியோக்காரரே. அந்த ஒளியைப் பாத்தீங்களா?"

"இல்லை. படத்துல சொத்தை தெரிஞ்சுது, நம்பினேன்."

"பொண்ணு துபாய்லேர்ந்து பேசறாளே. அந்தக் குரல் வந்த வழியைப் பாத்தீங்களா?"

"காதுல கேக்குது, நம்பறேன். நான் போட்டோக்காரன்மா. கேமராவுல விழாததை எனக்குக் கும்பிடத் தெரியாது."

அம்மா முறத்தை ஒதுக்கினார். ஜன்னலோரம் கிடந்த ஃபேன் ரிமோட்டை எடுத்து மேலே நீட்டி அமுக்கினார். ஃபேன் சுற்றியது. கீரை நாலாபக்கமும் பறந்தது.

"என் கைக்கும் அதுக்கும் நடுவுல என்ன போச்சு?"

"என்னமோ ஒரு கதிர்."

"படம் எடுங்களேன்."

தொழிலென்றதும் மனிதருக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வந்ததோ! பையைத் தொப்பென்று போட்டுவிட்டுச் செல்போனை எடுத்தார்.

"விழுந்தா இருக்கேன். விழலேன்னா பஸ்."

"சரி."

அம்மா ரிமோட்டை அவர் பக்கம் நீட்டி அமுக்கினார். திரையில் அம்மா தெரிந்தார், ரிமோட் தெரிந்தது, சிதறிய கீரைகூடத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தார். ஊஹூம்.

ஜன்னலைத் திறந்தார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் சந்தோஷமில்லை. தோற்றுப்போகத்தானே இவ்வளவு தூரம் வந்தார்!

பையை எடுக்கக் குனிந்தார்.

"உங்க போன்ல இன்னொரு கேமரா இருக்கே?"

"அது சின்னப் பசங்க அவங்கவங்க மூஞ்சியை எடுத்துக்கறது. ஊரையே நிக்கவெச்சுப் படம் எடுத்தவன் நான். அந்தப் பக்கம் விரலே வெச்சதில்லை."

"பின்னால இருக்கறது கெட்டிக்காரக் கேமரா. படம் அழகா வரணும்னு கண்ணுக்குத் தெரியாத ஒளியை வடிகட்டிடும். முன்னால இருக்கறதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. திருப்புங்க."

வேண்டாவெறுப்பாக விரலை வைத்தார்.

திரையில் ஒரு கிழவர். சவரம் செய்யாத கன்னம், சிவந்த கண்கள். யார் இந்த ஆள் என்று ஒரு கணம் திகைத்தார்.

அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றார். ரிமோட்டை அவர் காதோரம் வைத்து, போனை நோக்கி அமுக்கினார்.

கிழவரின் காதருகே ஊதாவும் வெள்ளையுமாக ஒரு பொறி துடித்தது.

"அம்மா!"

சடாரென்று திரும்பினார். வெறும் ரிமோட். போனைப் பார்த்தார். பொறி! மறுபடி திரும்பினார். ஒன்றுமில்லை. போனில் பளிச், பளிச்.

"இருக்கும்மா! இங்கேயே இருக்கு! என் காதுகிட்டயே இருக்கும்மா!"

கத்தினார், சிரித்தார், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலே ஃபேன் நிற்பதா சுற்றுவதா என்று தெரியாமல் தவித்தது.

கீழே சாலையில் ஹார்ன் சத்தம் கேட்டது.

"பஸ் வந்துடுச்சு" என்றார் அம்மா.

"எந்த பஸ்?" என்றார் குஞ்சிதபாதம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அமுக்குங்கம்மா, இன்னொரு தரம்."