கெணத்துப் புறாவும் கழுத்துப் பலகையும்

ஒரு ஊர்ல ஒரு இசக்கி இருந்தா. ராணியெல்லாம் கெடையாது, மூணாங்கிளாஸ் புள்ள. "ம்" கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி.

அவளப் புதுசா ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்து விட்டாங்க. அங்க ஒரு கிறுக்கு ரூல். தமிழ் பேசுனா கழுத்துல மரப்பலகைய மாட்டிருவாங்க. வேற யாராச்சும் தமிழ் பேசி, அவங்களக் காட்டிக் குடுத்தாத்தான் பலகை அந்தக் கழுத்துக்கு மாறும். இசக்கிக்கு இங்கிலீஷ் வராது. அதனால அவ பேசுறதே இல்ல. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வரைக்கும் கப்சிப். பேச ஒரே ஒரு ஆளு கெடைக்காதான்னு ஏங்கிக் கெடந்தா.

அப்புறம், மெர்சி மிஸ்னு ஒருத்தங்க. புஸ்தகத்துலேர்ந்து ஒரு எடத்தப் பத்திப் படிப்பாங்க. புள்ளைங்க கண்ண மூடிக் கேட்டுட்டு, உள்ள என்ன தெரிஞ்சுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லணும். அப்பத்தான் வார்த்தை ஒட்டுமாம்.

மொத நாள் பனிமலை. இசக்கிக்கு ஒண்ணுமே தெரியல.

அடுத்த நாள் ஏர்போர்ட்டு. அப்பவும் வெறும் இருட்டு. கிளாஸ்ல ஒருத்தன், "ஸ்லீப்பிங், மிஸ்!"னான். எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க.

முழிச்சிருக்கியா? ம்.

மூணாவது நாள் கெணறு. "டீப்"னாங்க மிஸ். "டார்க்"னாங்க. "கோல்ட்"னாங்க. அட, ஆழமா, இருட்டா, சில்லுன்னு, நம்ம வீட்டுக் கெணறுல்ல! ஒவ்வொரு வார்த்தையும் டுபுக் டுபுக்னு உள்ள விழுந்துச்சு.

"இசக்கி?"

"டீப், மிஸ். டார்க், மிஸ்..."

அதோட உக்காந்திருக்கலாம். ஆசை விடல. "எட்டிப் பாத்தா புறா படபடன்னு மேல வரும் மிஸ்!"

போச்சு. பலகை கழுத்துக்கு வந்துருச்சு.

மத்தியானம் தனியா உக்காந்து சாப்புடுறா. பலகை டொக் டொக்னு டப்பால இடிக்குது. அப்போ முன் பெஞ்சு ரெஜினா பக்கத்துல வந்து குசுகுசுன்னு, "ஏய், அந்தப் புறா கொத்தாதா?"

தமிழு! கையக் காட்டிருந்தாப் பலகை போயிருக்கும். இசக்கி காட்டல.

"கொத்தாதுடி. அதுவே பயந்தாங்கொள்ளி."

"உள்ள கத்துனா?"

"நம்ம சத்தம் நமக்கே திரும்பி வரும்."

"அதுக்குப் பேரு எக்கோ."

"செவுத்துல பாசி பச்சப் பசேல்னு வழவழன்னு இருக்கும்."

"பாசிக்கு இங்கிலீஷ்ல மாஸ். அதுல கால் வச்சா?"

"சர்ர்ர்... டமால்!"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. அதுக்குள்ள மணி, டிங் டிங் டிங்.

மிஸ் வந்து பலகையப் பாத்தாங்க. "இசக்கி, வேற யாரும் தமிழ் பேசுனாங்களா?"னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. ரெஜினாவுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு.

இசக்கி எந்திரிச்சா. "நோ, மிஸ்."

பச்சப் பொய்.

சாயங்காலம் வரைக்கும் பலகையோட கடைசி பெஞ்சுல தனியாத்தான் இருந்தா. ரெஜினா முன் பெஞ்சுலேர்ந்து ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா.

அவ்ளோதான் கதை. வாய மூடு, கண்ண மூடு.